மூலம்னு நினைச்சோம்... ரிப்போர்ட்ல மோதிரம்னு இருக்கு!

"பாப்பா, நீ பத்திரிகையிலதானே வேலை செய்யுற? இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் வாங்கிவந்த சங்கரா மீன் அம்மா கையில் குழம்பாகிக்கொண்டிருந்த நேரம். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் அக்கா, ஜவுளிக்கடை கட்டைப்பையோடு வாசலில் நின்றார். பைக்குள் ஸ்கேன் ஃபிலிம்கள், மருந்துச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி. எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த இரண்டு தாள்கள். ஆபரேஷனில் எடுத்த குடல் பகுதியின் பயாப்ஸி ரிப்போர்ட்.

அக்காவின் கணவருக்கு 41 வயது. ஹார்பருக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் விரைவு சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் ராத்திரி முழுக்க ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்களில் ஒருவர். மலத்தோடு ரத்தம் வர ஆரம்பித்தபோது, "உக்காந்தே ஓட்டுறேன்ல, உடம்பு சூடு, மூலமா இருக்கும்" என்று அவரே முடிவு செய்துவிட்டார். எங்கள் பக்கத்துச் சுவர்களிலும் கரன்ட் கம்பங்களிலும் "மூலம், பௌத்திரம்" நோட்டீஸ்களுக்குப் பஞ்சமே கிடையாது. களிம்பு, லேகியம், காரம் குறைத்த சாப்பாடு என்று ஏழு மாதம் ஓடியது. எடை குறைந்து, முகம் வெளுத்து, ஒருநாள் வண்டியிலிருந்து இறங்கும்போது தலைசுற்றி விழுந்த பிறகுதான் கொலோனோஸ்கோபி. பெருங்குடலின் கடைசி வளைவில் புற்றுநோய். ஆபரேஷனும் முடிந்துவிட்டது.

ரிப்போர்ட்டில் அக்கா விரல் வைத்துக் காட்டிய வரி, 'சிக்னெட் ரிங் செல் கார்சினோமா'.

"ரிங்குன்னு போட்டிருக்கே... உள்ளாற ஏதாச்சும் ரிங் வெச்சுத் தெச்சிருக்காங்களா? வீட்டுக்குப் போனதும் யாரும் அதைப்பத்திச் சொல்லவே இல்லியே?"

அடுத்த கேள்விதான் என்னைத் தடுமாற வைத்தது. "கடைசி வீட்டுத் தாத்தாவுக்கும் இதே குடல் கேன்சர்தானே? ஏழு வருஷமாச்சு, கல்லு மாதிரி இருக்காரு. இவருக்கும் அப்படித்தானே ஆவும்?"

தெரிந்த மாதிரி தலையாட்டியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாக மீன் குழம்பு சாப்பிட்டிருக்கலாம். "கேட்டுட்டு வந்து சொல்றேங்க்கா" என்றேன். ஆபீஸில் மருத்துவப் பக்கங்களைப் பார்க்கும் சீனியர் அண்ணன் ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னார்: "என்ன எழுதியிருக்குன்னு சொல்லு. என்ன ஆகும்னு சொல்லாத. அது டாக்டர் வேலை." இந்த வாரப் பத்தி அந்த எல்லைக்குள்தான்.

இரண்டு தாள், ஒரே நோய்?

மறுநாள் சாயங்காலம் தாத்தா வீட்டுக்குப் போனேன். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரத்தோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்துவைத்துப் படித்தோம்.

தாத்தாவுடையதில் 'அடினோகார்சினோமா, மாடரேட்லி டிஃபரன்ஷியேட்டட்' என்று இருந்தது. குடலின் உள்தோலில், வழவழப்புக்காகக் கோழை சுரக்கும் சுரப்பிகள் உண்டு. அங்கே கிளம்பும் புற்றுநோய்க்கு அடினோகார்சினோமா என்று பெயர். குடல் புற்றுநோய்களில் 90 சதவிகிதத்துக்கு மேல் இந்தக் குடும்பம்தான். 'டிஃபரன்ஷியேட்டட்' என்பது, புற்றுச் செல்கள் தங்கள் பழைய அடையாளத்தை எவ்வளவு மிச்சம் வைத்திருக்கின்றன என்பதற்கான அளவு. சுரப்பி மாதிரியே இன்னமும் அடுக்கி நின்றால் 'வெல்', பாதி கலைந்திருந்தால் 'மாடரேட்', அடையாளமே தெரியாத அளவுக்குச் சிதறிக் கிடந்தால் 'புவர்'. கூட்டம் கலையக் கலைய நோயின் வேகம் கூடும் என்பது பொது விதி. இந்த விதிக்கு ஒரு விசித்திரமான விலக்கும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

அக்கா கொண்டுவந்ததும் இதே குடும்பம்தான், ஆனால் முற்றிலும் வேறு சுபாவம்.

வெண்டைக்காய் நறுக்கும்போது விரலில் ஒட்டுமே ஒரு கொழகொழப்பு, குடல் சுரப்பிகள் சுரப்பதும் கிட்டத்தட்ட அப்படி ஒன்றுதான். சில கட்டிகளில் இது எக்கச்சக்கமாகச் சுரந்து, செல்களுக்கு வெளியே குளம் குளமாகத் தேங்கி, அதில் செல்கள் மிதக்கும். கட்டியின் பாதிக்கு மேல் இப்படிக் குளமாக இருந்தால் 'மியூசினஸ்' என்று எழுதுவார்கள். வேறு சில கட்டிகளில் கொழகொழப்பு வெளியே வராமல் செல்லுக்குள்ளேயே நிரம்பிவிடும். பலூன் மாதிரி ஊதி, நடுவில் இருக்கவேண்டிய உட்கருவை ஓரமாகத் தள்ளிவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கல் பதித்த முத்திரை மோதிரம் போலவே தெரியும். பாதிக்கு மேற்பட்ட செல்கள் இப்படி இருந்தால் அந்தக் கட்டிக்கு 'சிக்னெட் ரிங்', முத்திரை மோதிர வகை என்று பெயர். அக்கா தேடிய ரிங் இதுதான். யாரும் உள்ளே எதையும் வைத்துத் தைக்கவில்லை.

மோதிரச் செல்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பழக்கம் குறைவு. சாதாரண வகை, குடலுக்குள் மொட்டு மாதிரி துருத்திக்கொண்டு வளர்வது வழக்கம். கொலோனோஸ்கோபியில் கண்ணில் படும். மோதிர வகையோ குடல் சுவருக்குள்ளேயே தனித்தனியாக ஊர்ந்து பரவக்கூடியது. சாதாரண வகை முற்றினால் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகும். இது வயிற்றின் உள்ளுறையில் தூவிவிட்ட மாதிரி பரவுவது அதிகம். பெட் ஸ்கேனிலும் மியூசினஸ், மோதிர வகைகள் மற்றவை அளவுக்குப் பளிச்சென்று ஒளிர்வதில்லை. ஸ்கேன் கிளியர் என்று வந்தாலும் சில டாக்டர்கள் அடிக்கடி வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஆயுள் விஷயத்தில் வித்தியாசம் உண்டா? உண்டு. அமெரிக்கப் பதிவேடுகளின்படி, குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் சுமார் 65 சதவிகிதம் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். முத்திரை மோதிர வகையை மட்டும் பிரித்தெடுத்தால் அது ஏறக்குறைய பாதியாக இறங்குகிறது. இந்த எண்ணைப் பார்த்து யாரும் போனைத் தூக்கி வீச வேண்டாம். இதில் பெரிய பங்கு தாமதத்துக்கு உண்டு. இந்த வகை பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது ஸ்டேஜில்தான் பிடிபடுகிறது. குடல் சுவரைத் தாண்டாத ஆரம்பக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் வகைகளுக்கு இடையேயான இடைவெளி நிறையவே குறைகிறது. கணுக்களுக்குப் பரவிய பிறகு பார்த்தால், ஒரே ஸ்டேஜில் இருப்பவர்களிடையே கூட மோதிர வகைக்காரர்கள் பின்தங்குகிறார்கள்.

தாத்தாவின் தாளில் நிணநீர்க் கணுக்கள் எதிலும் நோய் இல்லை. நாம் 'நெறி கட்டியிருக்கு' என்கிறோமே, அந்தக் கணுக்கள்தான். மாமாவின் தாளில் 14 கணுக்களில் 5-ல் இருந்தது. குறைந்தது 12 கணுக்களையாவது தேடி எடுத்துப் பார்த்தால்தான் ஸ்டேஜ் கணக்கு நம்பகமானது என்பது உலகம் முழுக்க உள்ள விதி. உங்கள் வீட்டில் யாருடைய ரிப்போர்ட் இருந்தாலும் இந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

வயசு, வகை, ஸ்டேஜ் என்று மூன்றிலுமே இருவரும் வேறு வேறு. அக்காவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "தாத்தாவோட கணக்கு மாமாவுக்குப் பொருந்தாதுக்கா. நல்லதுக்கும் பொருந்தாது, கெட்டதுக்கும் பொருந்தாது. மாமா கணக்கை மாமாவோட டாக்டர்தான் சொல்லணும்." அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மோதிரம்னா நல்ல விஷயமா இருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

மும்பையில் எண்ணியபோது

மோதிர வகை அபூர்வம் என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். மேலை நாடுகளில் நூற்றுக்கு ஒன்று. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 2013 ஆகஸ்ட் முதல் ஓராண்டு காலம், தொடர்ச்சியாக வந்த 800 குடல் புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். 2017-ல் வெளியான அந்த முடிவில், மோதிர வகை 13 சதவிகிதம். சராசரி வயது 47.2. மேலை நாடுகளில் இந்த நோயாளிகளின் சராசரி வயது அறுபதுகளில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வந்தவர்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தப்போக்குதான் அறிகுறி. அறிகுறி தெரிந்து மருத்துவமனைக்கு வந்துசேரச் சராசரியாக 4 மாதம் ஆகியிருந்தது.

டாடா என்பது நாடு முழுவதிலுமிருந்து சிக்கலான கேஸ்கள் போய்ச் சேரும் இடம். அதனால் 13 என்ற எண்ணை அப்படியே திருவொற்றியூருக்கு இறக்குமதி செய்ய முடியாது. ஆனாலும் ஒன்றுக்கும் பதின்மூன்றுக்கும் உள்ள தூரம் சும்மா விட்டுவிடக்கூடியதில்லை. இந்த வகை இளம் வயதினரிடம் அதிகம் தென்படுவது எல்லா நாட்டிலும் பார்த்த ஒன்று. இந்தியாவில் மொத்தக் குடல் புற்றுநோய் எண்ணிக்கை மேலை நாடுகளைவிடக் குறைவு என்பதும் உண்மை. குறைவு என்பதாலேயே 40 வயதுக்காரருக்கு ரத்தம் வந்தால் முதலில் யாருக்கும் புற்றுநோய் ஞாபகம் வருவதில்லை.

'பிளாக் பேந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மேனை நினைவிருக்கிறதா? 2016-ல் மூன்றாவது ஸ்டேஜ் குடல் புற்றுநோய் என்று தெரிந்து, 2020 ஆகஸ்ட்டில் 43 வயதில் இறந்தார். அன்றைக்கு என் வாட்ஸ்அப் முழுக்க அவர் ஸ்டேட்டஸ்தான். அவர் வயதில் இருக்கும் நம் வீட்டு அண்ணன்களுக்கு வரும் ரத்தம் மட்டும் இன்னமும் 'சூடு'.

பெரும்பாலான ரத்தப்போக்குக்கு மூலம்தான் காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் மூலம்தானா என்று ஒரு முறை பார்த்துத்தானே முடிவுகட்ட வேண்டும்? மலக்குடலில் உள்ள கட்டிகளில் பலவற்றை டாக்டர் கையுறை போட்ட விரலாலேயே தடவிக் கண்டுபிடித்துவிட முடியும். ஒரு நிமிட வேலை. வெட்கத்தில்தான் மாதங்கள் போகின்றன. ரத்தம் நிற்காமல் இருப்பது, வழக்கமான மலப் போக்கு வாரக்கணக்கில் மாறிக் கிடப்பது, காரணம் இல்லாமல் ரத்தசோகை, எடை குறைவது... எந்த வயதானாலும் போய்க் காட்டுங்கள். வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. ஜீரண மண்டல ஆபரேஷனுக்கென்றே அங்கே தனித்துறை உண்டு.

தறியும் திசுவும்

ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஏரியாவின் பெயருக்கும் காலடிக்கும் சம்பந்தம் கிடையாது. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. 'காலெட்பேட்டை' நம் வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆனது. மெட்ரோ ஸ்டேஷன் போர்டிலும் அதே பெயர்தான். திசுக்களைப் பற்றிய படிப்புக்கு 'ஹிஸ்டாலஜி' என்று பெயர். அதன் வேர், தறியையும் நெய்த துணியையும் குறிக்கும் கிரேக்கச் சொல். 'திசு'வும் நெய்யப்பட்டது என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். நெசவாளர் பேட்டையில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது, அவ்வளவுதான்.

அந்தப் 'துணி'யைப் படிக்கிறவர்கள் பேத்தாலஜி டாக்டர்கள். நோயாளி அவர்கள் முகத்தையே பார்ப்பதில்லை. வெட்டி எடுத்த குடலை ஃபார்மலினில் ஊறவைத்து, துண்டுகளாக்கி மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். உட்கருவுக்கு நீலம் ஏற்றும் சாயம், ஒரு காலத்தில் துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்ட அமெரிக்க மரம் ஒன்றின் கட்டையிலிருந்து வருவது.

இங்கே குடும்பத்தினர் குழம்பும் இடங்கள் சில உண்டு. கொலோனோஸ்கோபியில் கிள்ளி எடுப்பது நொய்யரிசி அளவுத் துணுக்கு. 'பாதிக்கு மேல்' என்ற கணக்கை அதில் போட முடியாது. அதனால் முதல் ரிப்போர்ட்டில் வெறும் அடினோகார்சினோமா என்றும், ஆபரேஷனுக்குப் பிந்தைய ரிப்போர்ட்டில் மியூசினஸ் அல்லது சிக்னெட் ரிங் என்றும் வரலாம். யாரும் மாற்றி எழுதவில்லை, முழுத் துணியையும் பார்த்த பிறகு சொல்கிறார்கள். மலக்குடல் புற்றுக்கு ரேடியேஷன், கீமோ கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்தவர்களின் ரிப்போர்ட்டில் 'செல் இல்லாத மியூசின்' என்று இருந்தால் அதுவும் பயப்பட வேண்டியதில்லை. புற்றுச் செல்கள் அழிந்து, கொழகொழப்பு மட்டும் மிச்சம் என்று அர்த்தம். அதை மீதமிருக்கும் நோயாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மெழுகு பிளாக், கண்ணாடி ஸ்லைடு இரண்டும் மருத்துவமனையில் பத்திரமாக இருக்கும். வேறு இடத்தில் இரண்டாவது கருத்து கேட்கப்போனால் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் காட்டினால், அங்கிருக்கும் டாக்டர் முந்தையவர் எழுதியதைத்தான் படிக்க முடியும். திசுவைப் பார்க்க முடியாது.

பார்க்கப் பொல்லாதது, ஆனால்...

விலக்கு ஒன்று உண்டு என்றேனே, அது 'மெடுல்லரி' என்ற அபூர்வ வகை. மைக்ரோஸ்கோப்பில் அடையாளமே தெரியாமல் கலைந்து கிடக்கும். பார்த்தாலே இது மோசமானது என்று தோன்றும். ஆனால் இந்த வகைக்காரர்கள் பொதுவாக எதிர்பார்ப்பதைவிட நன்றாக இருக்கிறார்கள். கட்டிக்குள் உடலின் காவல் வெள்ளணுக்கள் கூட்டமாகப் புகுந்து நிற்பதைப் பார்க்கலாம்.

டி.என்.ஏ நகலெடுக்கும்போது எழுத்துப்பிழை வந்தால் திருத்த நம் செல்களில் ஒரு புரதக் குழு உண்டு. புரூஃப் ரீடர்கள் மாதிரி. மெடுல்லரி வகையில் பெரும்பாலும் இந்தக் குழு வேலை செய்வதில்லை. பிழைகள் குவியக் குவிய, அந்தச் செல் உடலின் காவலர்கள் கண்ணுக்கு அந்நியமாகிவிடுகிறது, அடி விழுகிறது. மொத்தக் குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவிகிதத்தில் இந்தக் குறை இருக்கிறது. மியூசினஸிலும் மோதிர வகையிலும்கூட ஒரு பகுதியில் இருக்கும். ரிப்போர்ட்டில் இது 'எம்.எம்.ஆர்' அல்லது 'எம்.எஸ்.ஐ' என்று வரும். பிளாக்கிலிருந்து சீவிய திசுவில் நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கும் சோதனை.

இதன் விடை சிகிச்சையையே மாற்றும். குறை உள்ள இரண்டாம் ஸ்டேஜ்காரர்களுக்குப் பழைய ஒற்றை மருந்துக் கீமோவால் பலன் இல்லை என்பதால் அதைத் தவிர்ப்பார்கள். முற்றிய நோயில் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகள் இவர்களுக்குத்தான் வேலை செய்கின்றன. 2022-ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம், இந்தக் குறை உள்ள 12 மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு டோஸ்டார்லிமாப் என்ற மருந்தைக் கொடுத்ததில் 12 பேருக்கும் கட்டி மறைந்தது. 'கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு' என்று அப்போது ஃபார்வர்டு வந்ததே, அது இதுதான். யாருக்கு என்ற பாதியை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். மலக்குடல் புற்றுநோயாளிகளில் இந்தக் குறை உள்ளவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மருந்தின் விலையோ நம் தெருவுக்கு எட்டாதது.

விலை கம்மியான இன்னொரு பயனும் இந்தச் சோதனைக்கு உண்டு. 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற பேத்தாலஜி டாக்டரிடம் துணி தைத்துக் கொடுத்துவந்த பாலின் கிராஸ் என்ற பெண், தன் குடும்பத்தில் நிறையப் பேர் புற்றுநோயில் போய்விட்டார்கள், தானும் அப்படித்தான் போவேன் என்று சொன்னாராம். அவர் அப்படியே இறந்தும் போனார். வார்த்தின் அந்தக் குடும்ப மரத்தை எழுதத் தொடங்கி, 1913-ல் வெளியிட்டார். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் என்ற டாக்டர் தொடர்ந்து ஆராய்ந்ததால் இன்று அதற்கு 'லிஞ்ச் சின்ட்ரோம்' என்று பெயர். புரூஃப் ரீடர் குறை பரம்பரையாக வருவது. குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருக்கலாம். ஒருவருக்கு உறுதியானால், அண்ணன் தம்பி அக்கா தங்கை பிள்ளைகளுக்கு நோய் வரும் முன்பே கொலோனோஸ்கோபி செய்து காத்துக்கொள்ள வழி இருக்கிறது.

இதைச் சொன்னபோதுதான் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவரோட பெரியப்பா வயித்துல கட்டி வந்துதான் செத்தாரு. அப்ப யாரும் ஒண்ணும் கேக்கல. அவரு தம்பிக்கு முப்பத்தஞ்சு வயசு ஆவுது பாப்பா. அவனுக்கும் மூலம்னுதான் சொல்லிட்டுத் திரியுறான்."

மாமாவின் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எம்.எம்.ஆர் வரி இல்லை. தனியாகக் கேட்டால்தான் செய்வார்களோ, ரிசல்ட் தனித்தாளில் வருமோ தெரியாது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்கவேண்டியதை ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்கச் சொன்னார் அக்கா. நான்கு கேள்வி எழுதினேன். என்ன வகை, என்ன ஸ்டேஜ்? இந்த வகைக்கு கீமோ எத்தனை முறை, அப்புறம் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன்? வயிற்று உறையில் பரவியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? எம்.எம்.ஆர் பார்த்தாச்சா, தம்பிக்கு என்ன செய்யணும்?

போன செவ்வாய்க்கிழமை போய்வந்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டிய அக்கா, முதல் மூன்றுக்கும் டாக்டர் உட்கார வைத்துப் பதில் சொன்னார் என்றார். நான்காவதைப் படித்ததும், "இத யாரும்மா எழுதிக் கொடுத்தா?" என்று கேட்டுவிட்டு, பிளாக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்ப எழுதிக் கொடுத்தாராம். ரிசல்ட்டுக்கு இரண்டு வாரம். மாமாவுக்கு கீமோ திங்கட்கிழமை ஆரம்பம். கொழுந்தனார் மட்டும் டிரிப் இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்று நழுவப் பார்த்திருக்கிறார்.

"வண்டிச் சாவிய எடுத்து அரிசி டப்பாவுல போட்டுட்டேன்" என்றார் அக்கா. "புதன்கிழமை ஸ்டான்லிக்கு நானே இட்டுட்டுப் போறேன்."